மருத்துவமனைப் பிரசவமும் தாயின் மனநிறைவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி அந்த அளவு 99.6 விழுக்காடு. பேறுகால இறப்பும் வெகுவாகக் குறைந்திருக்கிறது. 2018–20 காலத்தில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்திய அளவில் 97 தாய்மார் இறந்தார்கள்; தமிழ்நாட்டில் அந்த எண் 54. உயிரைக் காப்பதில் இவ்வளவு தூரம் வந்துவிட்ட மாநிலத்தில், அந்தப் பிரசவ அறையில் பெண் எப்படி நடத்தப்பட்டாள் என்ற கேள்வியைத் தள்ளிப்போட இனிக் காரணம் இல்லை. கர்ப்பிணிகளும் அவர்களுடைய வீட்டாரும் பேறுகாலப் பணியில் இருப்பவர்களும் இது பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது.

தாயும் சேயும் நலமாக வீடு திரும்பினால் போதாதா? மனநிறைவு என்று தனியாக ஒன்று தேவையா?

தாயும் சேயும் நலம் என்ற செய்தி வந்தவுடன் வீட்டில் சர்க்கரை வழங்குகிறார்கள், அதற்குப் பிறகு அந்தப் பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை. குழந்தை நன்றாக இருக்கும்போது குறை சொல்வது நன்றிகெட்ட செயல் என்று அவளுக்கே தோன்றுகிறது. ஆனால், பல மணி நேரம் வலியில் தனியே கிடந்ததையும், என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரியாமல் பயந்ததையும், முகம் தெரியாத பலர் முன்னால் துணி விலகிக் கிடந்ததையும் குழந்தையின் நலம் அழித்துவிடுவதில்லை.

அமெரிக்கப் பேறுகாலக் கல்வியாளர் பென்னி சிம்கின் 1991, 1992 ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்ட ஆய்வில், முதல் பிரசவம் முடிந்து 15 முதல் 20 ஆண்டுகள் கடந்த 20 பெண்களிடம் பேசினார். அவர்கள் பிரசவித்த காலத்தில் எழுதிவைத்த குறிப்புகளோடு பிற்கால நினைவை ஒப்பிட்டபோது, நினைவு வியக்கத்தக்க அளவுக்குத் துல்லியமாக இருந்தது. செவிலியரும் மருத்துவரும் சொன்ன சொற்களை அவர்கள் மறக்கவே இல்லை. நிறைவோடு நினைத்தவர்கள், அந்த நாளில் தாங்கள் ஏதோ ஒன்றைச் சாதித்ததாகவும், நடந்தவை தங்கள் கட்டுப்பாட்டில் இருந்ததாகவும் உணர்ந்தவர்கள்.

பேறுகாலப் பராமரிப்பைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட 56 பரிந்துரைகளும் ‘நல்ல பிரசவ அனுபவம்’ என்பதையே தலைப்பில் வைத்திருக்கின்றன. உடல் நலத்தோடு சேர்த்து, தன் மீதான நம்பிக்கையும் மரியாதையும் குலையாமல் பெண் வீடு திரும்ப வேண்டும் என்பதை மருத்துவத்தின் இலக்குகளில் ஒன்றாகவே அது கருதுகிறது.

வலி குறைவாக இருந்தவர்களுக்குத்தானே மனநிறைவு அதிகமாக இருக்கும்?

பெரும்பாலோர் இப்படித்தான் நினைக்கிறார்கள். கனடாவைச் சேர்ந்த செவிலியர் ஆய்வாளர் எலன் ஹாட்னெட், இந்தக் கேள்வியோடு தொடர்புடைய 137 ஆய்வறிக்கைகளைத் தொகுத்து 2002-இல் எழுதிய கட்டுரையில் வேறொரு முடிவுக்கு வந்தார். பெண்ணின் முன் எதிர்பார்ப்பு, பராமரிப்பவர்களிடமிருந்து கிடைத்த ஆதரவு, அவர்களோடு அமைந்த உறவு, முடிவெடுப்பதில் அவளுக்கு இருந்த பங்கு ஆகிய நான்கும்தான் மனநிறைவைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. இவை வலுவாக இருந்த இடங்களில் வயது, வருமானம், அறையின் வசதி, ஏன், வலியும் மருத்துவத் தலையீடுகளுமே பின்னுக்குப் போய்விட்டன.

இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, வலியைத் தாங்கித்தான் ஆக வேண்டும் என்று பெண்ணிடம் சொல்லிவிடக் கூடாது. வலி நிவாரணம் கேட்கும் ஆரோக்கியமான பெண்ணுக்கு முதுகுத்தண்டு வழியாகத் தரப்படும் எபிடியூரல் மருந்தையும், மசாஜ், வெந்நீர் ஒத்தடம், மூச்சுப் பயிற்சி போன்ற மருந்தில்லா முறைகளையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. எபிடியூரல் எல்லா மருத்துவமனையிலும் கிடைப்பதில்லை. இடுப்பைத் தேய்த்துவிட ஒரு கை எங்கேயும் கிடைக்கும். ஆய்வு சொல்வது என்னவென்றால், கேட்ட உதவி மறுக்கப்படுவதும், கேட்டதற்காகவே ஏளனம் செய்யப்படுவதும் வலியைவிட ஆழமாகப் பதிகின்றன என்பதுதான்.

ஏசி அறை, தனிக் கழிப்பறை, நல்ல சாப்பாடு இவையெல்லாம் முக்கியமில்லையா?

முக்கியம்தான். சுத்தமான கழிப்பறையும் தண்ணீரும் மறைப்புத் திரையும் எந்தப் பெண்ணுக்கும் மறுக்கக் கூடாத அடிப்படைத் தேவைகள். அவற்றுக்கு மேற்பட்ட வசதி, நல்ல பராமரிப்போடு சேரும்போது மகிழ்ச்சியைக் கூட்டுமே தவிர, கடுஞ்சொல் கேட்ட மனத்தை ஆற்றுவதில்லை.

அரசு மருத்துவமனையா, தனியார் மருத்துவமனையா, எதில் மனநிறைவு அதிகம்?

இந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாது. இரண்டு இடங்களிலும் பெண்கள் மனம் நோவதுண்டு, காரணங்கள் வேறு. அரசு மருத்துவமனைகளில் கூட்டமும், மறைப்பின்மையும், அதட்டலும், யாரிடம் கேட்பது என்று தெரியாத நிலையும் குறைகளாக வருகின்றன. தனியார் இடங்களில் பேச்சு இதமாக இருக்கலாம். ஆனால் செலவைப் பற்றிய கவலையும், இந்த அறுவை சிகிச்சை உண்மையிலேயே தேவைப்பட்டதா என்ற ஐயமும் பல ஆண்டுகள் கழித்தும் போவதில்லை.

முன்சொன்ன கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் 36 விழுக்காடும் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவற்றில் ஏறத்தாழ 64 விழுக்காடும் சிசேரியன். அதே கணக்கெடுப்பில் இந்தியாவின் மொத்த அளவு 21.5 விழுக்காடுதான். மக்கள்தொகை அளவில் சிசேரியன் விகிதம் 10 விழுக்காட்டைத் தாண்டும்போது தாய், சேய் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கூறியது. ஒரு தனிப் பெண்ணுக்கு அறுவை தேவையா என்பதை அந்த எண்ணை வைத்து முடிவுசெய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆயினும் இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும் ஊரில், தனக்கு ஏன் அறுவை செய்யப்பட்டது என்று ஒரு தாய் கேட்டால், அவளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் கடமை மருத்துவருக்கு உண்டு.

பிரசவ அறையில் துணைக்கு ஒருவர் இருக்கலாமா?

இருக்கலாம். இந்தப் பக்கத்தில் உள்ள பதில்களில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதைத்தான் வைத்துக்கொள்ளச் சொல்வேன். அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதிக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு 2004-ஆம் ஆண்டு வாக்கிலேயே தொடங்கியது. 2016-இல் இந்திய அரசும் நாடு முழுவதற்குமாக வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி துணையிருப்பவர் பெண் உறவினராகவும், முடிந்தால் தானும் பிள்ளை பெற்றவராகவும் இருக்க வேண்டும். தொற்றுநோய் ஏதும் இருக்கக் கூடாது. தூய்மையான உடை அணிந்திருக்க வேண்டும். கடைசிவரை உடனிருக்க இசைய வேண்டும். மருத்துவப் பணியில் குறுக்கிடவோ அறையில் உள்ள மற்றப் பெண்களைக் கவனிக்கவோ கூடாது. மறைப்பு ஏற்பாடு உள்ள இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது.

இதனால் என்ன பயன் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற ஆய்வுகளை ஒன்றுதிரட்டிய மதிப்பாய்வை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்டது. வலி தொடங்கியதிலிருந்து யாராவது ஒருவர் தொடர்ந்து உடனிருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவ வாய்ப்பு கூடியது, வலி நேரம் சற்றுக் குறைந்தது, சிசேரியனும் குறைந்தது, தம் பிரசவத்தைக் கசப்போடு நினைவுகூர்ந்தவர்களும் குறைவாகவே இருந்தார்கள். மருந்தும் கருவியும் தேவைப்படாத ஒரு ஏற்பாடு இவ்வளவு செய்கிறது.

நடைமுறையில் என்ன ஆகிறது? ‘இடமில்லை’, ‘மற்றவர்களுக்குச் சங்கடம்’, ‘துணைக்கு வருபவர் பயந்து சத்தம் போடுவார்’ என்று சொல்லி அம்மாவையோ மாமியாரையோ வாசல் பெஞ்சிலேயே உட்காரவைத்துவிடுகிறார்கள். இட நெருக்கடி உண்மையான சிக்கல்தான். ஆனால் கட்டிலுக்குக் கட்டில் ஒரு திரை போட்டால் அதில் பாதி தீர்ந்துவிடும். எனவே யார் துணை என்பதை எட்டாம் மாதத்திலேயே முடிவுசெய்து, மருத்துவமனையில் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். துணையாக வருபவருக்கும் சொல்லிவைக்க வேண்டியது உண்டு: ஆறுதல் சொல்லுங்கள், இடுப்பைத் தேய்த்துவிடுங்கள், தண்ணீர் கொடுங்கள், ‘இன்னும் எவ்வளவு நேரம்’ என்று அவள் முன்னால் பதறாதீர்கள்.

முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவதால் ஏதாவது பாதிப்பு உண்டா?

வளைகாப்பு முடிந்து மகளை அழைத்துப்போகும் வழக்கம் அவளுக்குப் பெரிய மன ஆறுதல். அம்மாவின் கையில் சாப்பிட்டு, கூச்சமின்றிப் படுத்து எழுந்து, பிள்ளை பெற்ற பின்னும் சில மாதங்கள் அங்கேயே இருக்கலாம் என்பது மனநிறைவுக்கு வலு சேர்க்கிறது. இந்த வழக்கத்தில் கவனிக்கப்படாத ஒரு சிக்கலும் இருக்கிறது. ஏழெட்டு மாதம் ஒரு மருத்துவரிடமும் ஒரு கிராம சுகாதாரச் செவிலியரிடமும் பழகிய பெண், கடைசி வாரங்களில் முன்பின் தெரியாத மருத்துவமனைக்கு மாறுகிறாள். அங்கே அவள் ஒரு புது நோயாளி.

இதைச் சமாளிக்க முடியும். தாய் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவமனையிலோ ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள். பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிவுசெய்யும்போது தரப்படும் எண்), தாய்–சேய் நல அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், இரத்தப் பரிசோதனைத் தாள்கள் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டுக் கையோடு எடுத்துச்செல்லுங்கள். முடிந்தால் பிரசவ அறை எங்கே இருக்கிறது, இரவில் எந்த வாசல் திறந்திருக்கும் என்று பார்த்துவிட்டு வாருங்கள். தெரிந்த இடத்துக்கு வலியோடு போவதும் தெரியாத இடத்துக்கு வலியோடு போவதும் ஒன்றல்ல.

பரிசோதனைக்கு முன் அனுமதி கேட்க வேண்டும் என்கிறார்கள். அவசரமான பிரசவ அறையில் அது நடக்கிற காரியமா?

நடக்கிற காரியம்தான். செவிலியர் ஒருவர் கட்டிலருகே வந்து திரையை இழுத்துவிடுகிறார். கைகளைக் கழுவி உறை மாட்டிக்கொண்டே, “நான்தான்மா இந்த நேரத்து சிஸ்டர். கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்குன்னு உள்ளே கைவிட்டுப் பார்க்கணும். பார்க்கட்டுமா? வலி வந்தா சொல்லுங்க, அது விட்டதும் பார்க்கிறேன்” என்கிறார். அவள் தலையசைத்த பிறகு போர்வையைத் தேவையான அளவு மட்டும் விலக்குகிறார். பார்த்து முடித்ததும், “ஆறு சென்டிமீட்டர் ஆகியிருக்கு, நல்லாப் போகுது” என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடுகிறார். இவ்வளவுக்கும் கூடுதலாக ஆகும் நேரம் அரை நிமிடம் இருக்கலாம். இதே பரிசோதனை, ஒரு சொல்லும் இல்லாமல், திரையும் இல்லாமல், மாணவர்கள் சூழ நின்று பார்க்க நடந்திருந்தால், உடலளவில் நடந்தது ஒன்றே ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு அது முற்றிலும் வேறொரு நிகழ்வு.

அடிக்கடி பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. வலி சீராக முன்னேறும் காலத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய அளவுகோலையும் அது கைவிட்டுவிட்டது. ஐந்து சென்டிமீட்டரிலிருந்துதான் வலியின் தீவிரக் கட்டம் தொடங்குவதாகக் கொள்கிறது. வழக்கமாகவே குடலைக் கழுவ எனிமா கொடுப்பதும், மயிர் மழிப்பதும், எல்லோருக்கும் கீழே வெட்டித் தையல் போடுவதும், குழந்தை வெளிவர வயிற்றின் மேல் அழுத்துவதும் பரிந்துரைக்கப்படவில்லை. ஆபத்து குறைவான பெண் வலியின் போது தண்ணீர் குடிக்கலாம், சாப்பிடலாம், எழுந்து நடக்கலாம், தனக்கு இதமான நிலையில் பிள்ளை பெறலாம். மல்லாந்து படுத்துத்தான் பெற வேண்டும் என்பது பெண்ணின் வசதிக்காக ஏற்பட்ட விதி அன்று.

அதட்டுவதும் தொடையில் அடிப்பதும் குழந்தையைக் காப்பாற்றத்தானே? அதைக் குறையாகச் சொல்லலாமா?

சொல்லலாம், சொல்லவும் வேண்டும். பெண் சரியாக முக்கவில்லை, குழந்தைக்கு மூச்சு முட்டுகிறது, அந்த நேரத்தில் கொஞ்சம் அதட்டினால்தான் வேலை நடக்கும் என்று பணியில் இருப்பவர்கள் பலர் மனதார நம்புகிறார்கள். அடித்தால் பிரசவம் விரைவாகும் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. பயந்துபோன பெண் ஒத்துழைப்பது கடினமாகிறது, அவ்வளவுதான். ‘அப்போது வலிக்கவில்லையா’ என்று தாம்பத்தியத்தைச் சுட்டிப் பேசும் பேச்சு தமிழ்நாட்டில் பல பெண்கள் கேட்டிருப்பது. அதை எந்த மருத்துவக் காரணமும் நியாயப்படுத்தாது. சாதியையோ, பிள்ளைகளின் எண்ணிக்கையையோ, வயதையோ, கணவர் உடன் இல்லாததையோ சுட்டிப் பேசுவதும் அப்படித்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2014-இல் வெளியிட்ட அறிக்கையில், மருத்துவமனைப் பிரசவத்தின்போது நேரும் அவமரியாதையையும் கொடுமையையும் பெண்ணின் உரிமை மீறலாகவே குறிப்பிட்டது. அடித்தல், இழிவுபடுத்துதல், சம்மதமின்றிச் செய்யப்படும் சிகிச்சை, மறைவின்மை, தனியே விட்டுவிடுதல், பணம் கட்டாததால் தடுத்துவைத்தல் ஆகியவை அதில் அடங்கும். வெனிசுவேலா 2007-இல் இத்தகைய செயல்களைச் சட்டத்திலேயே வன்முறை வகையாகச் சேர்த்தது.

செவிலியரின் நிலையையும் இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஒரே இரவில் பல பிரசவங்கள், ஆள் பற்றாக்குறை, குழந்தைக்கு ஏதாவது நேர்ந்தால் விசாரணை தன் தலையில்தான் விடியும் என்ற அச்சம், மேலிருப்பவர்களிடம் தானும் அதட்டப்படும் சூழல் இவற்றுக்கு நடுவே அவர் நிற்கிறார். பெண்ணைச் செவிலியர் மரியாதையோடு நடத்த வேண்டும் என்று எதிர்பார்க்கும் மருத்துவமனை நிர்வாகம், தன் செவிலியருக்கும் அதே மரியாதையையும் போதிய துணைக் கைகளையும் தர வேண்டும். செவிலியரின் இந்த நிலை அதட்டலுக்கான காரணத்தை விளக்குகிறது. அடிபட்டவளிடம் போய்ப் பொறுத்துக்கொள் என்று சொல்ல இதைப் பயன்படுத்தக் கூடாது.

அரசு மருத்துவமனையில் குழந்தையைக் காட்டப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். 2011-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவமும் சிசேரியனும் மருந்தும் பரிசோதனையும் உணவும் இரத்தமும் போக்குவரத்தும் கட்டணமில்லாதவை. ஆண் பிள்ளைக்கு ஒரு தொகை, பெண் பிள்ளைக்கு ஒரு தொகை என்று கேட்பது, தாய் தன் குழந்தையைப் பார்க்கும் முதல் நொடியையே பேரமாக்கிவிடுகிறது.

சிசேரியன் ஆனவர்கள் தாங்கள் தோற்றுவிட்டதாக உணர்கிறார்களே, ஏன்?

முன்கூட்டியே திட்டமிட்ட சிசேரியனைவிட, வலி வந்து பல மணி நேரம் கழித்துத் திடீரென்று செய்யப்படும் அவசரச் சிசேரியனுக்குப் பிறகுதான் மனக்குறை அதிகம் காணப்படுகிறது. எதிர்பார்ப்பு உடைவதும், பயமும், என்ன நடக்கிறது என்று புரியாமையும் ஒன்றுசேர்கின்றன. போதாக்குறைக்கு, பார்க்க வருபவர்கள் முதலில் கேட்பதே ‘நார்மலா, ஆபரேஷனா?’ என்றுதான். ஆபரேஷன் என்றதும், நாங்கள் எல்லாம் அந்தக் காலத்தில் எப்படிப் பெற்றோம் தெரியுமா என்று தொடங்கிவிடுகிறார்கள். வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்து மறுநாளே எழுந்து பாலூட்டும் பெண்ணிடம் இதைப் பேசுவது கொடுமை. உறவினர்கள் இந்தக் கேள்வியைத் தவிர்த்தாலே பெரிய உதவி.

மருத்துவர் செய்யக்கூடியது இன்னும் அதிகம். அறுவைக்கு முன், நேரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், காரணத்தை ஒரே வாக்கியத்தில் அவளிடமே சொல்லலாம். கையெழுத்தைக் கணவரிடம் மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடக் கூடாது. அறுவை மேசையிலேயே குழந்தையை அவள் கன்னத்தோடு சேர்த்துக் காட்டலாம். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வார்டுக்கு வரும்போது, ஏன் அறுவை செய்ய நேர்ந்தது, அடுத்த பிரசவம் சுகப்பிரசவமாக வாய்ப்புண்டா என்பதை உட்கார்ந்து சொல்லலாம்.

பிறந்தவுடன் குழந்தையைத் தாயின் மேல் போடுவதற்கும் மனநிறைவுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சிக்கல் இல்லாத குழந்தையை முதல் ஒரு மணி நேரம் தாயின் தோலோடு தோலாகச் சேர்த்து வைத்திருப்பதும், அந்த நேரத்திலேயே பாலூட்டத் தொடங்குவதும், தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது கழித்து வெட்டுவதும் பரிந்துரைக்கப்பட்ட முறைகள். குழந்தையின் உடல் சூடு காக்கப்படுகிறது, பால் சுரப்பு எளிதாகிறது. தாய்க்கு இது பட்ட பாட்டின் பலன் மார்பில் வந்து கிடக்கும் நேரம். எடை போடுவதும் துடைத்து அழகாகச் சுற்றி வெளியே காத்திருப்பவர்களுக்குக் காட்டுவதும் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு நடக்கட்டும். குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோக நேர்ந்தால், கொண்டுபோகும் முன் தாய்க்கு ஒரு கணம் காட்டுவதும், பிறகு வந்து நிலவரம் சொல்வதும் அவளைப் பெரும் பதற்றத்திலிருந்து காக்கும்.

குழந்தை இறந்து பிறந்துவிட்டால் மனநிறைவு என்ற பேச்சுக்கே இடம் இருக்கிறதா?

அந்தத் துயரத்தை எந்தப் பராமரிப்பும் ஈடுசெய்யாது. ஆனால் அதை மேலும் கொடியதாக்காமல் இருக்க முடியும். பிள்ளையை இழந்தவளைப் பிள்ளை பெற்ற பெண்களின் வார்டிலேயே படுக்கவைப்பதும், அவளிடம் சொல்லாமல் குழந்தையை உறவினரிடம் கொடுத்து அடக்கம் செய்துவிடச் சொல்வதும் இன்றும் நடக்கின்றன. பார்த்தால் மனம் உடைந்துவிடுவாள் என்று மற்றவர்கள் முடிவுசெய்கிறார்கள். பார்க்க விரும்புகிறாயா, ஒருமுறை கையில் வாங்கிக்கொள்கிறாயா என்று அவளிடமே கேட்பதுதான் முறை. வேண்டாம் என்றால் அதையும் மதிக்க வேண்டும். பால் கட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று சொல்லித்தர வேண்டியதையும் மறக்கக் கூடாது.

தாய்மாரின் மனநிறைவை எப்படி அளக்கிறார்கள்? ‘திருப்தி’ என்று டிக் அடித்தால் போதுமா?

போதாது. வீடு திரும்பும் நாளில், செவிலியர் எதிரில் நிற்க, ‘எல்லாம் திருப்திதானே?’ என்று கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். குழந்தை கையில் இருக்கும் மகிழ்ச்சி, தப்பித்தோம் என்ற நிம்மதி, டிஸ்சார்ஜ் தள்ளிப்போய்விடுமோ என்ற அச்சம், முன்பே குறைவாக எதிர்பார்த்தது எல்லாம் அந்த ஒரு ‘ஆம்’ என்பதில் கலந்திருக்கின்றன. பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த 2017 டிசம்பரில் தொடங்கிய மத்திய அரசின் லக்‌ஷ்யா திட்டம், பயனாளிகளில் 80 விழுக்காட்டினர் நிறைவடைய வேண்டும் என்பதை இலக்குகளில் ஒன்றாக வைத்திருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் அந்த எண்ணை எப்போது, யார், எந்த இடத்தில் கேட்டுப் பெற்றார்கள் என்பதைப் பொறுத்தே அதற்கு மதிப்பு.

காலம் செல்லச் செல்லக் கருத்து மாறுவதும் உண்டு. சுவீடனில் 2,400-க்கும் மேற்பட்ட பெண்களிடம் பிரசவம் முடிந்து இரண்டு மாதத்திலும் ஓராண்டிலும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். சுமார் 60 விழுக்காட்டினரின் கருத்து மாறவில்லை, 24 விழுக்காட்டினர் முன்பைவிடக் கசப்பாகவும் 16 விழுக்காட்டினர் இனிமையாகவும் நினைத்தார்கள். எனவே ஒருமுறை கேட்டுவிட்டுக் கோப்பை மூடிவிட முடியாது.

நல்ல கேள்வித்தாள்கள் பல நாடுகளில் பயன்பாட்டில் இருக்கின்றன. பத்துக் கேள்விகள் கொண்ட பிரசவ மனநிறைவு அளவுகோல் ஒன்று பராமரிப்பின் தரம், பெண்ணின் சொந்த உணர்வு, அவள் அடைந்த அழுத்தம் என்று மூன்று கோணத்தில் கேட்கிறது. சுவீடனில் 2010-இல் உருவான இன்னொன்று அவளுடைய திறன் உணர்வு, கிடைத்த ஆதரவு, பாதுகாப்பு உணர்வு, முடிவுகளில் பங்கு ஆகியவற்றைத் தனித்தனியே பார்க்கிறது. இவற்றை அப்படியே மொழிபெயர்த்தால் போதாது. ‘உங்களை யாராவது திட்டினார்களா? பரிசோதனைக்கு முன் சொன்னார்களா? துணைக்கு ஆள் விட்டார்களா? யாராவது பணம் கேட்டார்களா?’ என்று நம் ஊரில் நடப்பதை நேராகக் கேட்கும் கேள்விகளையும் சேர்க்க வேண்டும். கேட்பவர் அந்த மருத்துவமனையின் ஊழியராக இல்லாதிருப்பதும், ஆறு வாரம் கழித்து வீட்டிலோ தடுப்பூசி போட வரும் நாளிலோ கேட்பதும் உண்மையான பதிலைப் பெற்றுத்தரும்.

பிரசவ அனுபவம் மோசமாக இருந்தால் பிற்பாடு அதன் விளைவு என்ன?

சிலருக்கு அது மெல்லத் தணிந்துவிடும். சிலர் அடுத்த பிள்ளையே வேண்டாம் என்று முடிவுசெய்கிறார்கள், அல்லது அடுத்த முறை வலியே வேண்டாம் என்று முதலிலேயே அறுவை கேட்கிறார்கள். பிரசவக் காட்சி மீண்டும் மீண்டும் கண்முன் வருவது, தூக்கத்தில் திடுக்கிட்டு எழுவது, அந்த மருத்துவமனைப் பக்கம் போகவே அஞ்சுவது போன்ற அறிகுறிகள் கொண்ட, அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் உலக அளவில் பிரசவித்தவர்களில் நூற்றுக்கு நான்கு பேர் அளவில் காணப்படுகிறது. சிக்கலான பிரசவங்களுக்குப் பிறகு இது மேலும் அதிகம். மனச்சோர்வை அறிய 1987-இல் உருவான எடின்பரோ அளவுகோலின் பத்துக் கேள்விகளை எந்தச் செவிலியரும் சில நிமிடங்களில் கேட்டுவிட முடியும்.

இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் வெறுமையும் நீடித்தால், குழந்தையோடு ஒட்டுதல் வரவில்லை என்று தோன்றினால், ‘பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டார் தள்ளிவிடக் கூடாது. மருத்துவரிடம் காட்டுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை) எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். தன்னையோ குழந்தையையோ எதுவும் செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் அன்றே, அப்போதே, தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும்.

நல்ல அனுபவம் அமைய ஒரு கர்ப்பிணி முன்கூட்டியே என்ன செய்யலாம்?

பொறுப்பு முழுவதையும் அவள் தலையில் வைக்கக் கூடாது. நல்லபடி நடத்த வேண்டியது மருத்துவமனையின் கடமை. ஆயினும் ஒன்பதாம் மாதப் பரிசோதனைக்குப் போகும்போது சிலவற்றைக் கேட்டு வைத்துக்கொண்டால் எதிர்பார்ப்பு தெளிவாகும். துணைக்கு யாரை அனுமதிப்பீர்கள், வலி தாங்க முடியாவிட்டால் இங்கே என்ன வசதி இருக்கிறது, எந்த நிலையில் சிசேரியன் செய்வீர்கள், பிறந்தவுடன் குழந்தையை என் மேல் வைப்பீர்களா என்பவை அவற்றுள் முக்கியமானவை. கேட்கக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அல்லது துணைக்கு வரப்போகும் அம்மாவையோ அக்காவையோ கேட்கச் சொல்லுங்கள். பிரசவம் எழுதிவைத்தபடியே நடக்கும் என்று மட்டும் எண்ண வேண்டாம். திட்டம் மாறும்போது அதைத் தன்னிடம் சொல்லித்தான் மாற்றுவார்கள் என்ற நம்பிக்கை இருந்தால், மாற்றத்தை ஏற்பது எளிதாகிறது.

நடந்த குறையை யாரிடம் சொல்வது? சொன்னால் பயன் உண்டா?

முதலில் அந்த மருத்துவமனையின் கண்காணிப்பாளருக்கோ நிலைய மருத்துவ அலுவலருக்கோ எழுத்தில் கொடுங்கள். தேதி, நேரம், எந்த அறை, என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள் என்பதை உணர்ச்சி குறைத்து, நடந்த வரிசையில் எழுதுங்கள். துணையிருந்தவர் பார்த்ததையும் சேருங்கள். அரசு மருத்துவமனை பற்றியது என்றால் 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணிலும் தெரிவிக்கலாம். தனியாரிடம் நடந்தது என்றால் உங்கள் சிகிச்சைப் பதிவேட்டின் நகலைக் கேட்டுப் பெறுவது முதல் படி. அது உங்கள் உரிமை. உடம்பு தேறியபின் எழுதலாம், அவசரமில்லை. ஆனால் நினைவு மங்கும் முன் ஒரு தாளில் குறித்துவையுங்கள், அல்லது கைபேசியில் பேசிப் பதிவுசெய்து வையுங்கள்.

நன்றாக நடத்தியவர்களைப் பற்றியும் எழுதுங்கள். இரவு முழுவதும் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற செவிலியரின் பெயரைக் குறிப்பிட்டு நான்கு வரி எழுதினால், அது அவருடைய பணிப்பதிவில் சேரலாம், மேலதிகாரியின் கண்ணில் படலாம். அந்த மருத்துவமனையில் எது பின்பற்றத் தக்கது என்று அங்கே புதிதாகச் சேருபவர்களுக்கும் அதன் மூலம் தெரியவரும்.